இமைத் தொய்வையும் பட்டியலில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். பிறவியிலேயே மேலிமை தொங்கிய குழந்தைகளைப் பார்த்தால் எங்கள் பக்கம் வீட்டார், "தூக்கக் கண்ணு, வளர்ந்தாச் சரியாயிரும்" என்பார்கள். குழந்தைகளைப் பரிசோதிக்க வருகிறவர்களும் அதையே சொல்லிவிட்டுப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இமையைத் தூக்கும் தசை கருவிலேயே சரியாக உருவாகாததால் வரும் இந்தக் குறை தானாகச் சரியாகாது. தொங்கும் இமை கண்மணியை மறைத்தால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே மங்கிவிடும். ஏழெட்டு வயதுக்கு மேல் இமையைத் தூக்கித் தைத்தால் முகம் திருந்தும், இழந்த பார்வை திரும்புவது அரிது. அதனால்தான் கண்மணி மறைந்திருந்தால் கைக்குழந்தைக்கே, சிலிக்கான் இழையால் இமையை நெற்றித் தசையோடு பிணைத்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள். மறையாவிட்டால் மூன்று, நான்கு வயதுவரை பொறுக்கலாம். அதுவும் டாக்டரின் கண்காணிப்பில், தேவைப்பட்டால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைத்து. (நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென இமை சரிந்தால் அது வேறு. கட்டுவிரியன் கடியாகக்கூட இருக்கலாம்; உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு தாய் என்னிடம், "பால் குடிக்கறப்ப இமை மேல ஏறுதுங்க, சரியாயிட்டு வருதுங்க" என்றார். தாடை நரம்பும் இமை நரம்பும் பிறவியில் மாறிப் பிணைந்ததால் வரும் அசைவு அது. விவரம் சொல்ல ஆளில்லாமல் அவர் காத்துக்கொண்டே இருந்தார். வாரச் சம்பளக்காரர், ஒரு நாள் லீவு போட்டால் அந்தக் கூலி போச்சு.

மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். தேட வேண்டிய குறைகளின் பட்டியலில் பிறவிக் கண்புரை இருக்கிறது, இமைத் தொய்வு இல்லை. 'பார்வைக் குறைபாடு' என்று ஒரு வரி உண்டுதான். ஆனால் அதைச் சோதிக்க இரண்டு வயதுக் குழந்தை எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுமா? இமைத் தொய்வைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். குழந்தை மோவாயை நிமிர்த்தி, புருவத்தை ஏற்றிப் பார்க்கிறதா என்று கவனித்தாலே போதும்.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போடும்போதே கிராம சுகாதார செவிலியர் இமையைப் பார்த்துப் பரிந்துரைச் சீட்டு எழுத வேண்டும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளின் கண்ணுக்கென வாரத்தில் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அங்கே முடியாத அறுவை சிகிச்சைக்குக் கோவைக்கு அனுப்பும் பொறுப்பையும், தாயின் அன்றைய கூலியையும் அரசே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
அவிநாசிபாளையம், திருப்பூர் மாவட்டம்.