மேசைக்குப் பின்னால் இருப்பவர்



மருத்துவமனையிலிருந்து நலம் பெற்று வீடு திரும்புவோர் யார் யாருக்கு நன்றி கூறுகின்றனர் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் இறைவனுக்கு, அடுத்து மருத்துவருக்கு, பின்னர், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியருக்கு. இவர்கள் நன்றிக்குரியவர்களே, ஐயமில்லை. ஆயினும் அவ்வரிசையில் இடம்பெறாத ஒருவர் உண்டு. நோயாளியின் கோப்பைத் தேடி எடுத்து, பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து, படுக்கைக்கு ஏற்பாடு செய்து, மருத்துவர் வரும் வேளையில் யாவும் ஆயத்தமாயிருக்கச் செய்பவர் அவர். துறை அலுவலர் என்பர் சிலர். ஒருங்கிணைப்பாளர் என்பர் வேறு சிலர். நம் மக்களுக்கோ அவர் 'சீட்டு எழுதுகிற அம்மா' மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன், நோயுற்ற ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்த் துறையில் பகல் முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஓர் இளைஞர் தம் தந்தையுடன் நின்றிருந்தார். கையில் இரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தது. மேசையிலிருந்த அம்மையார் அதை வாங்கிப் பார்த்தார். நோயாளியின் தந்தை பெயரைக் கேட்டார். மருத்துவமனை எண்ணைக் கேட்டார். மீண்டும் தாளைப் பார்த்தார். "சற்று உட்காருங்கள் தம்பி" என்றார்.

இளைஞருக்குச் சினம் பொங்கிற்று. "விடியற்காலை மூன்று மணிக்குப் பேருந்து ஏறி வந்திருக்கிறோம். அப்பாவால் உட்காரவும் முடியவில்லை. நீங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே அம்மா!" என்று உரக்கக் கத்தினார். அம்மையார் மறுமொழி கூறவில்லை. பரிசோதனைக் கூடத்திற்குத் தொலைபேசியில் பேசினார். கால்மணி நேரத்தில் உண்மை வெளிப்பட்டது. அந்தத் தாள் அதே பெயருடைய வேறொரு நோயாளியுடையது. இவருடைய தாளில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தது. அன்று மருந்து ஏற்றியிருந்தால், சாதாரணத் தொற்றும் உயிருக்கு உலையாகியிருக்கும். மருத்துவர் சிகிச்சையை ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

இளைஞர் தலைகுனிந்து நின்றார். நானும் தலைகுனிந்தேன், ஏனெனில், 'இந்த அம்மாள் ஏன் இப்படித் தாமதம் செய்கிறாள்?' என்று அதுவரை மனத்திற்குள் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

புற்றுநோய் மருந்து ஏற்றும் ஒரு நாளுக்குப் பின்னே எத்தனை காரியங்கள் ஒன்றுகூட வேண்டும் என்பதைச் சிந்தியுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வரவேண்டும். உயரமும் எடையும் குறிக்கப்பட வேண்டும். மருந்தின் அளவு பெரும்பாலும் அவற்றைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மருத்துவர் ஒப்பமிட வேண்டும். மருந்தகம் மருந்தை ஆயத்தம் செய்ய வேண்டும். படுக்கை காலியாக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் நோயாளியின் நாள் வீணாகும். ஒன்று மாறினாலோ உயிருக்கே கேடு விளையும். நம் ஊர்களில் அந்தோணிசாமிகள் எத்தனை பேர்! ஆரோக்கியமேரிகள் எத்தனை பேர்! நோயாளியை அறியக் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டுமென்று உலக நலவாழ்வு நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது வீணாக அன்று.

மருத்துவமனைகளின் பாதுகாவலரான புனித கமில்லுஸின் வரலாறும் இதையே கூறுகின்றது. 1550இல் இத்தாலியில் பிறந்த அவர் போர்வீரராயும் சூதாடியாயும் அலைந்தவர். காலில் ஆறாத புண்ணுடன் உரோமையிலுள்ள புனித யாக்கோபு மருத்துவமனையை அடைந்து, அங்கேயே ஊழியரானார். ஆனால் தம் தீய குணங்களால் வெளியேற்றப்பட்டார். 1575இல் மனம் மாறிய பின்னர் அதே மருத்துவமனைக்குத் திரும்பியவர், நாளடைவில் அதன் மேற்பார்வையாளரானார். குருவாகும் முன்னரே, சபை நிறுவும் முன்னரே, அவர் ஒரு மருத்துவமனை நிர்வாகி! ஊழியர்களின் அலட்சியத்தால் நோயாளிகள் துன்புறுவதைக் கண்டதே அவருடைய பெரும்பணிக்கு வித்தாயிற்று. அன்பு ஒழுங்காக மாறினாலன்றி நோயாளியின் படுக்கையைச் சென்றடையாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

எனவே குடும்பத்தாருக்குச் சில சொற்கள். மருத்துவத் தாள்களைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். உட்கொள்ளும் மருந்துகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனை எண்ணை நோயாளியின் பெயரைப் போலவே மனத்தில் கொள்ளுங்கள். தமிழகத்தில் 2012 ஜனவரியில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உதவியைப் பெறுவோர், குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் முதல் நாளே கொண்டு செல்லுங்கள். அவசரமல்லாத சிகிச்சைக்கு முன் அனுமதி பெறவேண்டும். அதற்கான தாள்களை அனுப்புபவரும் அநேகமாக அதே மேசையில் இருப்பவரே.

அம்மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்போருக்கும் ஒரு சொல். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்பணியில் இருக்கின்றனர். 'நாளை வாருங்கள்' என்று கூறுவது எளிது. ஆனால் கூலிக்காரருக்கு அந்த ஒரு சொல், இழந்த ஒரு நாள் கூலி. கடன் வாங்கிய பேருந்துக் கட்டணம். நோயாளிக்கு மேலும் ஓர் இரவின் வேதனை. இயலாததை இயலாது என்றே சொல்லுங்கள். ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகம் நிமிர்ந்து, "அம்மா", "ஐயா" என்று அழைத்துச் சொல்லுங்கள். அச்சத்தோடு நிற்பவருக்கு அதுவும் ஒரு மருந்தாகும்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தந்தைக்கு மருந்து ஏற்றப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன். அன்று அந்த இளைஞர், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பாக, மேசையருகே சென்று, "அன்றைக்குக் கத்திவிட்டேன், மன்னித்துவிடுங்கள் அம்மா" என்றாராம். அம்மையாரோ, "அப்பாவின் எண்ணைச் சொல்லுங்கள் தம்பி" என்று கேட்டு, கோப்பைத் திறந்தாராம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, அந்த மேசையருகே சற்று நில்லுங்கள். நன்றி கூறிவிட்டுச் செல்லுங்கள்.