குளித்து வந்த சொகுசு கார்! பாதி விலையா? உஷார்!

புது சின்னக் கார் வாங்குகிற காசில் சொகுசு எஸ்.யூ.வி. கிடைக்கிறதாம்! ஆசை யாரை விட்டது? கடைக்காரரும் குமாஸ்தாவும்கூட சேமிப்பை எண்ணிப் பார்க்கிறார்கள்.

விலை ஏன் இப்படி விழுந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் 'மிக்ஜாம்' புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் முழுகின. ரிப்பேர் செய்யக் கட்டாது என்று இன்சூரன்சில் முடிவான வண்டிகள் ஏலத்துக்குப் போகும். அதில் சிலதைக் கழுவி, செண்ட் அடித்து, பளபளவென்று நிறுத்தி ஏமாந்தவர் தலையில் கட்டுகிறார்கள்.

சொகுசு வண்டிக்கு உடம்பெல்லாம் ஒயர். தண்ணீர் பட்ட கோளாறு வாங்குகிற அன்று தெரியாது. ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் தெரியும்! அப்புறம் வண்டி விலையை ரிப்பேர் செலவே விழுங்கிடும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை பல்லிளிக்கும். கார்பெட்டைத் தூக்கினால் துரு தெரியும். சாசி நம்பரைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் கணக்கைக் கேட்கலாம். ஆர்.சி.யில் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கு பாங்கி கையெழுத்துப் போட்ட படிவம் 35 வராமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

எல்லாம் வாங்குகிறவன் தலையில்தானா? வெள்ளத்தில் வீணான வண்டி என்று ஆர்.சி.யிலேயே சிவப்பு முத்திரை குத்தினால் என்ன? குத்தினால் பித்தலாட்டம் பாதி ஒழியும். அரசு கவனிக்குமா?