ஆறாவது பெனால்டி

வைவா ஹாலுக்கு வெளியே நின்ன அனுபவம் இருக்கா? உள்ளே போன பையன் உதட்டைப் பிதுக்கிக்கிட்டே வெளியே வருவான். அடுத்தது உங்க பேர்! வயித்துல புளியைக் கரைக்கும். நல்லாத் தெரிஞ்ச பதில்கூட அந்த ரெண்டு நிமிஷத்துக்கு எங்கேயோ போய் ஒளிஞ்சுக்கும். எக்ஸ்டர்னல் முகத்தையே பார்க்காம, எதையோ உளறிட்டு, 'முடிஞ்சாப் போதும்டா சாமி'னு ஓடி வந்துடுவோம்.

அதே மாதிரி ஒரு ரெண்டு நிமிஷம், எழுபத்தைஞ்சாயிரம் பேர் முன்னாடி ஒருத்தருக்கு வந்துச்சு. கூடவே டி.வி-யில கோடிக்கணக்கான பேர். ஆள் பேர் கேரத் சவுத்கேட். ஊர் இங்கிலாந்து. வயசு அப்போ 25.

1996, ஜூன் 26. லண்டன் வெம்ப்ளி மைதானத்துல யூரோ கோப்பை செமி ஃபைனல். எதிர்ல ஜெர்மனி. மூணாவது நிமிஷமே ஷியரர் கோல் போட, ஊரே எழுந்து ஆடுது. அடுத்த கால் மணி நேரத்துக்குள்ள ஜெர்மனியின் குன்ட்ஸ் சமன் பண்ணிட்டார். எக்ஸ்ட்ரா டைம் முடிஞ்சும் 1-1. பெனால்டி ஷூட் அவுட்! ரெண்டு டீமும் ஆளுக்கு அஞ்சு அடிச்சாங்க. பத்தும் கோல்!

ஆறாவது யாரு? அங்கேதான் சிக்கல். அஞ்சு பேரைத்தான் பக்காவா ஃபிக்ஸ் பண்ணியிருந்தாங்க. சவுத்கேட் ஒரு டிஃபெண்டர். அதுக்கு முன்னாடி கிளப் மேட்ச்ல ஒரே ஒரு பெனால்டி அடிச்சிருக்கார். அதுவும் போஸ்ட்ல பட்டுத் திரும்பினது! ஆனாலும், 'நான் போறேன்'னு முன்னாடி வந்தார். சென்டர்ல இருந்து நடந்து போய், பந்தை வெச்சு, உதைச்சார். கோல்கீப்பர் கோப்கே பாய்ஞ்சு தடுத்துட்டார். அடுத்து ஜெர்மனியின் மோலர் வந்து அடிச்சார். கதை முடிஞ்சது.

வீட்டுக்குப் போனா, அம்மாவே 'ஓங்கி ஒரு உதை விட்டிருக்கக் கூடாதா?'னு கேட்டாங்களாம். நம்ம வீட்டுல 'இன்னும் ரெண்டு மார்க் வாங்கியிருக்கக் கூடாதா?'னு கேட்பாங்களே, சேம் பிளட்! அதே வருஷம் ஒரு பிட்ஸா விளம்பரம் வந்தது. தலையில பேப்பர் பையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஆளா சவுத்கேட்டே நடிச்சார். பக்கத்துல உட்கார்ந்து கலாய்ச்சது, 1990 உலகக் கோப்பையில இதே ஜெர்மனிகிட்ட பெனால்டி மிஸ் பண்ண பியர்ஸும் வேடிலும். தமாஷாத்தான் இருந்தது. ஆனா, ஒரு மனுஷன் ஒரே ஒரு உதைக்காக எத்தனை நாள் சிரிச்சுக்கிட்டே இருக்க முடியும், சொல்லுங்க?

ஆட்டக்காரரா அவர் ஒண்ணும் சப்பை கிடையாது. இங்கிலாந்துக்காக 57 மேட்ச். 2004-ல மிடில்ஸ்பரோ கிளப் தன் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பையான லீக் கப்பை ஜெயிச்சப்போ கேப்டன் இவர்தான். 2006-ல பூட்ஸைக் கழட்டின கையோட, அதே கிளப்புக்கு மேனேஜர். 35 வயசு. கோச்சிங்ல தேவையான உயர்ந்த லைசென்ஸ்கூட கையில இல்லாததால, ஸ்பெஷல் அனுமதி வாங்கித்தான் உட்கார்ந்தார். மூணாவது வருஷம், 2009-ல டீம் பிரீமியர் லீக்ல இருந்து கீழே இறங்கிடுச்சு. சில மாசத்துல வேலையும் போச்சு. பெனால்டி மிஸ் பண்ணவர், இப்போ டீமையும் இறக்கினவர். ரெஸ்யூமே எப்படி இருக்கு பாருங்க!

அப்புறம் கொஞ்ச காலம் டி.வி. வர்ணனை. 2013-ல இங்கிலாந்தின் 21 வயசுக்குட்பட்டோர் டீமுக்கு கோச் ஆனார். 2016-ல தேசிய டீமோட கோச் அலர்டைஸ் ஒரே ஒரு மேட்சோட விலக வேண்டி வர, 'தற்காலிகமா நீங்க பார்த்துக்கோங்க'னு இவரைக் கூப்பிட்டாங்க. நம்ம காலேஜ்ல ஹெச்.ஓ.டி. லீவுன்னா இன்சார்ஜ் போடுவாங்களே, அந்தக் கணக்கு. நாலு மேட்ச் கழிச்சு, நவம்பர்ல, அந்த நாற்காலி நிரந்தரமாச்சு.

இப்பத்தான் நான் சொல்ல வந்த விஷயமே வருது.

இங்கிலாந்துல பெனால்டி ஷூட் அவுட்னா ஒரு சாபம் மாதிரி. உலகக் கோப்பையில 1990, 1998, 2006... மூணு தடவையும் தோல்வி. 1998-ல கடைசியா போய் மிஸ் பண்ண பேட்டி, ப்ரொஃபஷனல் ஆட்டத்துல அதுக்கு முன்னாடி பெனால்டியே அடிச்சதில்லை! 'அந்த டென்ஷனைப் பயிற்சியில கொண்டு வர முடியாதுப்பா, அது ஒரு லாட்டரி'ங்கிறதுதான் அங்கே ரொம்ப காலமா ஓடின டயலாக்.

சவுத்கேட் அதை ஒத்துக்கலை. தான் மிஸ் பண்ணதுக்குக் காரணம் தலைவிதி இல்லை, பிரஷர்ல செய்ய வேண்டிய ஒரு வேலைக்குத் தயாராகாம போனதுதான்னு நம்பினார். 2018 ரஷ்யா உலகக் கோப்பைக்குப் பல மாசம் முன்னாடியே பெனால்டி பிராக்டிஸ் ஆரம்பிச்சாச்சு. கால் ஓய்ஞ்சுபோன பிறகு அடிக்கச் சொன்னாங்க. சென்டர்ல இருந்து நடந்து வர்றதையும் பிராக்டிஸ் பண்ணினாங்க. சைக்காலஜிஸ்ட் பிப்பா கிரேஞ்சை டீமோட சேர்த்துக்கிட்டாங்க. பழைய மேட்ச்களை ஆராய்ஞ்சவங்க ஒண்ணு கண்டுபிடிச்சிருந்தாங்க: ரெஃப்ரி விசில் அடிச்சதும் இங்கிலாந்து ஆட்கள் மத்த நாட்டுக்காரங்களைவிட அவசரமா ஓடிப் போய் உதைக்கிறாங்க. முடிஞ்சாப் போதும்டா சாமி! அதனால, 'விசில் அடிச்சாலும் மூச்சு விட்டு, நேரம் எடுத்துக்கோ'னு பழக்கினாங்க.

2018 ஜூலை 3, மாஸ்கோ. கொலம்பியாவோட 1-1. மறுபடி ஷூட் அவுட். ஹெண்டர்சன் அடிச்சதைத் தடுத்ததும், 'ஆரம்பிச்சுட்டாங்கய்யா'ன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனா, கொலம்பியாவின் யுரிபே அடிச்சது கிராஸ்பார்ல பட்டுச்சு. பாக்கா அடிச்சதை பிக்ஃபோர்டு ஒத்தைக் கையால தட்டினார். டயர் கடைசி பெனால்டியை உள்ளே தள்ள, உலகக் கோப்பையில இங்கிலாந்தின் முதல் ஷூட் அவுட் வெற்றி! ஆட்டம் பாட்டம் ஒரு பக்கம். சவுத்கேட் நேரா போனது அழுதுக்கிட்டிருந்த யுரிபேகிட்ட. கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அந்த போட்டோவைத் தேடிப் பாருங்க.

சினிமாவா இருந்தா இங்கே 'சுபம்' போட்டிருப்பாங்க. ஆனா, 2021 ஜூலை 11 வந்துச்சு. யூரோ ஃபைனல், மறுபடி வெம்ப்ளி, இத்தாலியோட 1-1, மறுபடி ஷூட் அவுட். ராஷ்ஃபோர்டையும் சான்சோவையும் பெனால்டிக்காகவே கடைசி நிமிஷத்துல இறக்கினார். ரெண்டு பேருமே மிஸ். அஞ்சாவதா 19 வயசு சாக்கா. அவர் அடிச்சதையும் டொன்னாரும்மா தடுத்துட்டார். என்னைக் கேட்டா, அந்தப் பாரத்தை அந்தப் பையன் தலையில வெச்சது தப்புக் கணக்குதான். உடம்பு சூடே ஏறாத ரெண்டு பேரை இறக்கினதும் அப்படித்தான். பிராக்டிஸ்ல யார் நல்லா அடிக்கிறாங்களோ அவங்களைத்தான் தேர்ந்தெடுத்தார். பிராக்டிஸும் அந்த ராத்திரியும் ஒண்ணு இல்லையே!

மூணு பேரும் கறுப்பினத்தவர்கள். அன்னிக்கு ராத்திரியே இணையத்துல அவங்களை நிறத்தைச் சொல்லி அசிங்கமா திட்ட ஆரம்பிச்சாங்க. சவுத்கேட் தள்ளி நின்னு வேடிக்கை பார்க்கலை. யார் அடிக்கணும்னு முடிவு பண்ணது நான், பொறுப்பு என்னுதுன்னு வெளிப்படையா சொன்னார். திட்டினவங்களை மன்னிக்க முடியாதுன்னும் சொன்னார். மைதானத்துல சாக்காவை அவர் அணைச்சு நின்னப்போ, 25 வருஷத்துக்கு முன்னாடி அதே இடத்துல தனியா நின்ன ஒருத்தர் அங்கே இருந்தார்.

இங்கிலாந்துக்கு அவர் கோப்பை எதுவும் வாங்கித் தரலை. 102 மேட்ச், ரெண்டு யூரோ ஃபைனல், ரெண்டுலயும் தோல்வி. ரொம்பத் தற்காப்பா ஆட வைக்கிறார்னு திட்டு வேற. 2024 யூரோவுல ஸ்லோவேனியாவோட கோல் இல்லாம டிரா ஆனப்போ, சொந்த நாட்டு ரசிகர்களே பிளாஸ்டிக் கப்புகளை அவர் மேல எறிஞ்சாங்க. அந்தத் திட்டுல பாதி நியாயமானதுதான். அவ்வளவு திறமைசாலிகளைக் கையில வெச்சுக்கிட்டு அப்படி ஆடியிருக்க வேண்டாம்.

ஆனா, அதே யூரோவுல ஜூலை 6-ம் தேதி. டஸ்ஸல்டார்ஃப்ல சுவிட்சர்லாந்தோட காலிறுதி. எண்பதாவது நிமிஷத்துல தோல்வியில இருந்து காப்பாத்தின கோல் சாக்காவோடது. அப்புறம்? வேறென்ன, ஷூட் அவுட்தான்! பிக்ஃபோர்டின் தண்ணி பாட்டில்ல, யார் எந்தப் பக்கம் அடிப்பாங்கனு பிட் மாதிரி எழுதி ஒட்டியிருந்தது. அகாஞ்சிக்கு 'இடது பக்கம் பாய்'. பாய்ஞ்சார், தடுத்தார். இங்கிலாந்து தரப்புல மூணாவது பெனால்டிக்கு நடந்து வந்தது... சாக்கா. பந்தை வெச்சார். விசில். அவசரமே படலை. கோல்!

அன்னிக்கு இங்கிலாந்து அஞ்சையும் அடிச்சது. பத்து நாள் கழிச்சு, ஃபைனல்ல ஸ்பெயின்கிட்ட தோத்த பிறகு, சவுத்கேட் ராஜினாமா கடிதம் கொடுத்துட்டு வீட்டுக்குப் போனார்.