எதிர்ப்பது மட்டுமா ஆற்றல்?



சென்ற நவம்பரில் ஒரு நாள் இரவு. விடுதியில் விளக்குகள் அணைந்து வெகு நேரமாகியிருந்தது. எங்கள் தாழ்வாரத்துக் கடைசி அறையில் முதலாண்டுத் தம்பி ஒருவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். "ஒன்றுமில்லை அண்ணா, பழைய இழுப்புத்தான்" என்று சொல்வதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். இன்ஹேலர் எங்கே என்று கேட்டோம். பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த நீலநிற இன்ஹேலரைத் தேடி எடுத்தோம். அதில் மருந்து தீர்ந்து எத்தனை நாளாயிற்றோ! மேசைமீதோ, 'நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்' என்று அச்சிட்ட பொடி டப்பாக்கள் இரண்டு எல்லோரும் காணும்படி வீற்றிருந்தன. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். விடியுமுன் மூச்சுச் சீர்ப்பட்டது. நல்ல வேளை, பிழைத்தார்.

அன்று முதல் ஓர் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. பொடி மேசைமீதும் மருந்து பெட்டிக்கடியிலும் இருக்கக் காரணம் என்ன? எதிர்ப்பாற்றல் நல்லது, மிகுந்தால் மிக நல்லது, மருந்தை நாடுவது எதிர்ப்பாற்றல் இல்லாதவனின் இழிவு. இப்படித்தான் நம்மில் பலர் நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறு என்பதையும், அத்தவறு உயிரையே வாங்கக்கூடும் என்பதையும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆஸ்துமா பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் குன்றியதால் வருவதன்று. தூசியையும் மகரந்தத்தையும் கொடும்பகை என்று கருதி உடல் போர் தொடுப்பதால் வருவது. போர்க்களமாவது நம் மூச்சுக்குழல். அங்கே மூளும் நெருப்பைத்தான் 'அழற்சி' என்கிறோம். அழல் என்றால் நெருப்பு அன்றோ? எரிகிற வீட்டில் நின்றுகொண்டு, "நெருப்பை இன்னும் பெருக்குக" என்று யாரேனும் கேட்பார்களா? அந்தத் தம்பி அறியாமல் கேட்டது அதைத்தான்.

இந்த உண்மை நேற்றுத் தோன்றியதன்று. 1901, 1902 ஆம் ஆண்டுகளில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர், கடற்சாமந்தி என்னும் கடலுயிரின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி ஆராய்ந்தனர். நஞ்சைத் தாங்கும் ஆற்றல் நாய்களுக்கு வளரும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. முதல் முறை நன்றாகத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு செலுத்தியதும் அரைமணி நேரத்திற்குள் மாண்டது. காக்க வேண்டிய ஏற்பாடே கொன்றுவிட்டது. இதற்கு 'அனஃபிலாக்சிஸ்' என்று பெயரிட்டனர். ரிஷே 1913 இல் நோபல் பரிசு பெற்றார். 1906 இல் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, இத்தகைய மாறுபட்ட விளைவுகளுக்கெல்லாம் பொதுவாக 'அலர்ஜி' என்ற சொல்லை ஆக்கினார். நாம் அதனை 'ஒவ்வாமை' என்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எம்மொழியிலும் உண்டோ என்று நான் வியப்பதுண்டு.

ஒவ்வாமை எவ்வாறு நிகழ்கிறது என்பது 1966 இல் தெளிவாயிற்று. அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாக்கா, தெருக்கோ இஷிசாக்கா ஆகியோர் இரத்தத்தில் மிக மிகச் சிறிய அளவே உள்ள ஒரு பொருளைக் கண்டறிந்தனர். இன்று அதன் பெயர் 'ஐ.ஜி.ஈ.' இப்பொருள் மாஸ்ட் உயிரணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. உரிய மகரந்தமோ தூசியோ வந்து தொட்டவுடன் அந்த உயிரணு உடைப்பெடுத்து ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகிறது. உடனே தும்மல், தடிப்பு, இழுப்பு. காவலன் உறங்கியதால் வந்த கேடன்று இது. விருந்தினனைக் கள்வன் என்று எண்ணி அடித்ததால் வந்த கேடு.

அப்படியானால், அடிக்க ஓங்கிய கையைத் தடுப்பவர் யார்? அண்மைக்கால ஆராய்ச்சியின் சிறப்பெல்லாம் இவ்வினாவுக்கு விடை கண்டதில்தான் இருக்கிறது.

ஜப்பானியர் ஷிமோன் சக்காகுச்சி, பிறந்து மூன்றே நாளான சுண்டெலிகளின் தைமஸ் சுரப்பியை நீக்கினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். எதிர்ப்புப் படையின் டி உயிரணுக்கள் முதிர்வது அச்சுரப்பியில்தான். அதை நீக்கினால் எலிகளின் எதிர்ப்பு தளர வேண்டும் என்றே எவரும் நினைப்பர். தளரவில்லை, கட்டுமீறித் தம் உடலையே தாக்கிற்று. நல்ல எலிகளின் டி உயிரணுக்களைச் செலுத்தியபோது நோய் தடைப்பட்டது. ஆகவே, அடக்கி ஆளும் உயிரணுக்களும் அப்படையிலேயே உண்டு என்று அவர் முடிவு செய்து, 1995 இல் அவற்றை அடையாளம் காட்டினார். அவற்றிற்கு 'ஒழுங்காற்றும் டி உயிரணுக்கள்' என்று பெயர்.

அறிஞர் பலர் அவரை உடனே நம்பவில்லை. 2001 இல் அமெரிக்காவில் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் என்ற இருவர் வேறு வழியாக அதே இடத்திற்கு வந்து சேர்ந்தனர். தோல் செதிலாக உரிந்து சில வாரங்களிலேயே இறந்துபோகும் ஓர் எலி வகையை அவர்கள் ஆராய்ந்தனர். குற்றம் ஒரே ஒரு மரபணுவில் இருந்தது. அதற்கு 'ஃபாக்ஸ்பி3' என்று பெயர். அதே மரபணு மனிதக் குழந்தைகளிடம் பழுதுபட்டால் கொடிய தன்தாக்கு நோய் உண்டாகிறது என்பதையும் காட்டினர். ஒழுங்காற்றும் உயிரணுக்களை ஆக்குவது இம்மரபணுவே என்பது 2003 இல் உறுதியாயிற்று. இம்மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவர்கள் கண்டது தாக்கும் படையை அன்று. 'நில்' என்று சொல்லும் படையை. அப்படை இல்லாத உடல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. 'எதிர்ப்பைப் பெருக்குக' என்று கூவும் விளம்பரங்களுக்கு இதைவிடத் தக்க மறுப்பு வேண்டுமோ?

ஆராய்ச்சிக்கூடத்து எலிகளை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். நமக்கு நிலக்கடலை மாலைச் சிற்றுண்டி. மேலை நாடுகளில் அது பலருக்கு உயிர்ப்பகை. அங்கே மருத்துவர்கள், ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயது வரை அதைக் கொடுக்கலாகாது என்று ஒரு காலத்தில் அறிவுரை கூறினர். லண்டனில் கிடியன் லாக் என்பவரும் அவர் குழுவினரும் இதைச் சோதிக்க முற்பட்டனர். ஏற்கெனவே கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கடலை உணவை விலக்கினர். மறுபிரிவுக்குத் தவறாமல் கொடுத்தனர். முடிவு 2015 இல் வெளிவந்தது. ஐந்து வயதில், விலக்கிய பிரிவில் நூற்றுக்கு 17 குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை. உண்ட பிரிவில் நூற்றுக்கு 3 பேருக்கே. பகை என்று ஒதுக்கியதே பகையை வளர்த்தது. குழந்தைப் பருவத்திலேயே வயிற்றின் வழியாகப் பழகியது உறவாயிற்று. இதற்குப் பின் அந்நாட்டு அறிவுரைகள் தலைகீழாக மாறின. (வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு முழுக்கடலையை ஊட்டிவிட வேண்டா, அது தொண்டையில் அடைக்கும். மருத்துவரைக் கேட்டே எதையும் செய்க.)

இன்னொரு சான்று நம் கண்முன் நடந்தது. 2020 இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, ஊரெங்கும் எதிர்ப்பாற்றல் பெருக்கிகளைத் தேடி அலைந்தோம். அவ்வாண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் 'ரிக்கவரி' ஆராய்ச்சி ஒரு செய்தியை வெளியிட்டது. மூச்சுக்கருவி பொருத்தும் நிலைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 41 பேர் இறந்த இடத்தில், ஒரு மருந்து கொடுத்ததும் 29 பேராகக் குறைந்தது. அது என்ன மருந்து? எதிர்ப்பைப் பெருக்குவதன்று, அடக்குவது. பல பத்தாண்டுகளாக வழக்கிலுள்ள, விலை மலிந்த டெக்ஸாமெத்தசோன். நோய் முற்றியவர்களின் நுரையீரலை அழித்துக்கொண்டிருந்தது கிருமி மட்டுமன்று. அதன்மேல் உடல் மூட்டிய நெருப்பும்தான். ஆனால் பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அதே மருந்து பயன் தரவில்லை. எப்போது எதிர்க்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதே கேள்வி.

அதே காலத்தில் சீந்தில் கொடியை எதிர்ப்பாற்றல் பெருக்கி என்று பலர் நாள்தோறும் உட்கொண்டனர். அப்படி உட்கொண்டபின் கல்லீரல் பழுதுபட்ட 43 பேரைப் பற்றி, நாட்டின் 13 மருத்துவ மையங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் 2022 இல் எழுதினர். உடல் தன் கல்லீரலைத் தானே தாக்கும் குறிகள் பலரிடம் காணப்பட்டன. ஆயுஷ் அமைச்சகம் சீந்திலின்மீது பழி சுமத்துவதை ஏற்கவில்லை. நான் சித்த மருத்துவத்தை இழித்துரைப்பவன் அல்லன். முறையறிந்த மருத்துவர் நோயாளியின் நாடி பார்த்து, நாள் குறித்துக் கொடுப்பது வேறு. விளம்பரத்தைப் பார்த்து நாமே அள்ளி விழுங்குவது வேறு. எதிர்ப்பைத் தூண்டும் பொருள் என்று ஒன்று உண்மையிலேயே இருக்குமானால், அது அஞ்சத்தக்க பொருள். இவ்வளவே என் வாதம்.

"அப்படியானால் எதிர்ப்பாற்றல் வேண்டாமா? தடுப்பூசி எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பட்டினியால் வாடிய உடலில் எதிர்ப்பு குன்றும், காசநோய் புகும். எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைப் பெறும் மூட்டழற்சி நோயாளிகளுக்கு, உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய் விழித்தெழுவதும் உண்டு. எனவே அடக்குவதே என்றும் நன்று என்று நான் கூறவில்லை. தடுப்பூசியோ எதிர்ப்பைக் கண்மூடித்தனமாகப் பெருக்குவதில்லை. இன்ன கிருமி உன் பகைவன் என்று அடையாளம் கற்பிக்கிறது. நல்ல உணவு, உறக்கம், உரிய தடுப்பூசி, புகையிலை இல்லாமை இவை போதும். டப்பாவில் அடைத்த வீரம் நமக்குத் தேவையில்லை.

ஆயினும் தவறு விளம்பரக்காரனுடையது மட்டுந்தானா? நம் சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது. 'நோய் எதிர்ப்பு ஆற்றல்' என்று நாம் வழங்கும் தொடரில் எதிர்ப்பு இருக்கிறது; பொறுத்தல் இல்லை. உண்ணும் சோற்றைப் பொறுத்து, குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களைப் பொறுத்து, தன் உறுப்பையும் தான் பொறுத்துத்தான் உடல் ஒவ்வொரு நாளும் உயிர் வாழ்கிறது. இந்த ஆற்றலுக்குப் 'பொறுதி' என்ற பழைய சொல்லை ஆளலாம் என்பது என் கருத்து. நோய் எதிர்ப்பும் பொறுதியும் என்று இரண்டையும் சேர்த்தே பாடநூல்களில் கற்பித்தால், அடுத்த தலைமுறைக்கு இந்த மயக்கம் நேராது. இதனினும் நல்ல சொல் அறிந்தவர்கள் அடுத்த இதழில் எழுதுக.

இறுதியாக, இழுப்பு நோயுள்ள தோழர்களுக்குச் சில சொற்கள். நீலநிற இன்ஹேலர் இறுகிய மூச்சுக்குழலைச் சற்றே தளர்த்தும். உள்ளே எரியும் அழற்சியை அணைக்காது. அதனால்தான் 'ஜைனா' என்னும் உலக ஆஸ்துமா வழிகாட்டும் அமைப்பு 2019 முதல், அவ்வகை மருந்தை மட்டும் நம்பியிருக்கலாகாது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரும் வேண்டும் என்று கூறி வருகிறது. "ஸ்டீராய்டா! பழகிவிட்டால் விட முடியாதே!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். இழுத்துச் சுவாசிக்கும் மருந்தின் அளவு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோகிராம் கணக்கில் உள்ளது; அது நேரே மூச்சுக்குழலுக்குச் செல்கிறது; அடிமைப்படுத்துவதில்லை. 2019 ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்குப்படி, உலகத்து ஆஸ்துமா நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் இந்தியர். ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்தியர். மருந்து இருந்தும் இப்படி மடிகிறோமே! அச்சமும் வெட்கமும் இதில் எத்தனை பங்கு என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலேயே வல்லபாய் பட்டேல் நெஞ்சக நோய் நிலையம் 1953 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. தீபாவளிக்குப் பின் இந்நகரில் புகைமூட்டம் கவியும் என்பது யாவரும் அறிந்ததே. அதற்கு முன்பே சென்று மருத்துவரைக் காணுங்கள். நோயற்ற தோழர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: இன்ஹேலர் எடுப்பவரைப் பார்த்து நகையாதீர்கள். சங்க விருந்துகளில் சமைக்குமுன், கடலையோ எள்ளோ யாருக்கேனும் ஒவ்வாதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் கடைசி அறைத் தம்பி இப்போது நலமாக இருக்கிறார். பொடி டப்பாக்களைக் கழுவிப் பேனா போட்டு வைத்திருக்கிறார். இன்ஹேலர் மேசைமீது, எல்லோரும் காணும் இடத்தில் இருக்கிறது.