கரண்ட் வந்தாச்சு, கிடார் எங்கே?

பவர் சப்ளைக்குப் பேர்போன டெல்டா எலக்ட்ரானிக்ஸின் தொழிற்சாலை இருக்கும் ஊர் குருபரப்பள்ளி. அங்கேயும் திருவிழா மேடையில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் ஒரு நொடி போதும், கிடார்க்காரர் ஊமை! லைட் எரியும், ஆம்ப் உடனே திரும்பும், பாடகர் அடுத்த வரிக்குப் போயிருப்பார்... டிஜிட்டல் பெடல் மட்டும் கம்ப்யூட்டர் மாதிரி ஆதியிலிருந்து எழுந்து வரும்.

எல்லாரும் மின்வாரியத்தைத் திட்டுகிறார்கள். 2012 மின்வெட்டை அனுபவித்தவர்கள் திட்டத்தான் செய்வார்கள். ஆனால் இதில் குற்றவாளி பெடல் செய்தவர்தான். 1978-ல் வந்த பாஸ் டிஎஸ்-1 ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், மிதித்ததும் அலறும். 2015-ல் வந்த லைன் 6 ஹீலிக்ஸுக்குள் பேட்டரியே கிடையாது. சாதாரண லேப்டாப்பில் இருப்பது இதில் ஏன் இல்லை? கரண்ட் போகாத ஊரில் உட்கார்ந்து வடிவமைத்தால் இப்படித்தான்.

பெடலுக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் மாட்டினால் சமாளிக்கலாம். அந்தச் செலவும் வாசிப்பவர் தலையில்!