நாளைக்கு வாங்கோ

என் ஐயா இறந்தது கடலில். மீன்பிடிக்கப் போய் அல்ல, புயலில் அகப்பட்டும் அல்ல. படகின் அடித்தட்டில், இயந்திரத்துக்குப் பக்கத்தில், என் மடியில் தலை வைத்தபடி, எங்கள் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறைக்கும் நடுவில் உயிர் போனது. நெஞ்சுவலி வந்தது இரவு ஒன்பது மணிக்கு. படகு கிடைத்தது விடிந்த பிறகு. இடையில் கிடந்த அந்த ஓர் இரவை இத்தனை வருடமாகியும் என்னால் விழுங்க முடியவில்லை.

ஆடி மாதம். சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. தெரிந்த இலக்கங்களுக்கெல்லாம் அழைத்தோம். "இந்தக் காத்துக்குள்ள இரவில படகு விடேலாது, விடியட்டும்" என்றார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்தார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, படகு வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் "வருகுது ஐயா" என்று பொய் சொன்னேன். ஐம்பது வருடம் இந்தக் கடலில் வலை இழுத்த மனிதர் அவர். பனையோலை அடிக்கிற சத்தத்திலேயே படகு வராது என்று தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்டார். என்னைத் தேற்றவோ, தன்னைத் தேற்றவோ, தெரியாது.

போன படகிலேயே அவரைத் திருப்பிக் கொண்டுவந்தோம். பிறகு மரணப் பதிவுக்குப் போனால், "இறந்த இடம்?" என்று கேட்டார்கள். வாய் வரவில்லை எனக்கு. எந்த ஊரில் இறந்தார் என்று சொல்வேன்? அலைக்கு ஊர்ப்பெயர் உண்டா?

எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் "எட்டாத தீவு", "தொலைதூரத் தீவு" என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. குறிகட்டுவானிலிருந்து எங்கள் மாவிலித்துறைக்கு இருப்பது 10 கிலோமீற்றர் அளவு. கடல் அமைதியாக இருந்தால் ஒரு மணி நேரம். குறிகட்டுவானிலிருந்து புங்குடுதீவு, வேலணை, மண்டைதீவு வழியாகத் தாம்போதிகளைத் தாண்டிப் பஸ்ஸில் போனால் யாழ்ப்பாணம். இதுவா எட்டாத தூரம்? ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் நிலத்தில், 4,000 பேர் அளவில் வாழ்கிற ஊர் இது. போர்த்துக்கேயர் பசுத்தீவு என்றார்கள், ஒல்லாந்தர் தங்கள் நகரத்தின் பெயரைச் சூட்டி டெல்ஃப்ட் என்றார்கள். பாய்மரக் கப்பலில் வந்த அவர்களுக்கு எட்டியது. இயந்திரப் படகும் கைத்தொலைபேசியும் உள்ள காலத்தில் என் தகப்பனுக்கு ஓர் ஆஸ்பத்திரி எட்டவில்லை. எங்களைத் தூரத்தில் வைத்தது கடல் என்று இனி யாரும் என் முன்னால் சொல்ல வேண்டாம்.

கச்சதீவு எங்கள் நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் இருக்கிறது. குடியிருப்பு இல்லாத தீவு. வருடத்துக்கு ஒருமுறை, பெப்ரவரியிலோ மார்ச்சிலோ, அந்தோனியார் திருவிழா. அந்த இரண்டு நாளுக்கு இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கான பேர் போய் வருகிறார்கள். துறைவரைக்கும் பஸ் ஓடும், அங்கிருந்து படகு ஓடும், குடிதண்ணீர் போகும், மருத்துவர்கள் போவார்கள். நானும் போய் மெழுகுதிரி ஏற்றி அழுதிருக்கிறேன், அந்தப் புனிதர்மேல் எனக்கு எந்த மனவருத்தமும் இல்லை. ஆனால் ஆள் வாழாத ஒரு தீவுக்கு இரண்டு நாளில் இத்தனையும் செய்யத் தெரிந்தவர்களுக்கு, ஆள் வாழ்கிற ஊருக்கு இரவில் நோயாளியை ஏற்ற ஒரு நல்ல படகைத் துறையில் கட்டிவைக்கத் தெரியாதா?

படகு என்றால் எங்களுக்குக் குமுதினிதான். அதன் பெயரைச் சொல்லும்போது எங்கள் ஊரில் வயதானவர்களின் குரல் இன்றும் இறங்கும். 1985 மே 15. காலையில் மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்து ஏறினார்கள். ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். அடித்தட்டில் ஒளிய இடமில்லை என்பதை அந்தப் படகில் ஒருமுறை போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதே குமுதினியில்தான் பிறகும் போனோம், பள்ளிக்கூடம் போனோம், கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போனோம். வேறு வழி இல்லாதவனுக்கு அஞ்சவும் உரிமை இல்லை. இன்று அவசர நோயாளியை ஏற்றவேண்டி வந்தால் நாங்கள் கேட்டு நிற்பதும் பல நேரம் கடற்படைப் படகைத்தான். அந்தக் கேள்வியை வாய் திறந்து கேட்கும்போது எங்கள் கிழவிகளின் நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

வேறு படகுகளும் வந்தன. வடதாரகை வந்தது. 2017இல் அவுஸ்திரேலிய உதவியோடு நெடுந்தாரகை வந்தபோது ஊரே துறையில் நின்று பார்த்தது. ஆனால் படகு என்பது இரும்பும் வர்ணமும் மட்டுமல்ல. எண்ணெய் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், அதற்குப் பணம் எடுத்துவைக்கிற மனம் வேண்டும். அது இல்லாதபோது புதுப்படகும் கட்டிக் கிடக்கும், பழம்படகில் நாங்கள் நசுங்குவோம். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது பட்டணத்தில் உள்ளவர்கள் பட்ட துன்பம் செய்தியானது. அவர்கள் சைக்கிளை எடுத்தார்கள். கடலில் எதை மிதிப்பது?

காணிக் கதையைச் சொல்லாமல் என் நெஞ்சு ஆறாது.

நான் இருக்கிற வளவு எனக்குச் சீதனமாக வந்தது. அம்மாவுக்கு அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. சுற்றிவரக் கல்வேலி. சீமெந்து இல்லை, சாந்து இல்லை, முருகைக்கல்லைக் கல்லின்மேல் கல்லாக அடுக்கி நிறுத்திய வேலி. காற்று அதன் இடுக்கு வழியே போய்விடும், வேலி விழாது. என் பூட்டன் அடுக்கிய கல் இன்னும் அப்படியே இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பக்கத்து வளவு சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் பங்கு முதுசம். அவர்கள் எல்லோரும் வெளிநாட்டில். ஒருநாள் காலையில் உழவு இயந்திரம் ஒன்று வந்து கல்வேலியை இடித்துக்கொண்டு உள்ளே போனது. ஓடிப்போய்க் கேட்டால், வாங்கியாச்சு என்றார்கள். யாருக்கோ அற்றோணித் தத்துவம் கொடுத்து, அந்த ஆள் வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்று, எல்லாம் முடிந்து மாதக்கணக்காகிவிட்டதாம். பங்காளி நான் ஒருத்தி பக்கத்து வளவில் சோறு சமைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. தேசவழமைப்படி பங்குக் காணியை விற்கிறவர் மற்றப் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும், வாங்குகிற முன்னுரிமை பங்காளிக்கு. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த வழமை, 1947இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. சட்டம் என் பக்கம்தான். ஆனால் சட்டம் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம்.

அன்றிலிருந்து அலைந்தேன். விடியற்காலை எழுந்து, மாவிலித்துறைக்குப் போய், அலைத்தண்ணீர் முகத்தில் அடிக்காமல் பொலித்தீன் தாளைப் போர்த்துக்கொண்டு படகில் இருந்து, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்தில் காணி அலுவலகப் படியேறும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். திரும்பும் படகைப் பிடிப்பதென்றால் சாப்பிடாமல் ஓட வேண்டும். இடையில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அப்பால் இருப்பவர் நிமிர்ந்தும் பாராமல் சொல்வார்: "ஐயா வெளியில, நாளைக்கு வாங்கோ." யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு நாளை என்றால் நாளைதான். எனக்கு நாளை என்றால் உறவினர் வீட்டுத் திண்ணையில் ஓர் இரவு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க அயலில் ஒருவரைக் கெஞ்சுவது, காற்று மாறினால் இன்னும் ஓர் இரவு. இப்படி ஒன்பது முறை போனேன். ஒன்பதாம் முறை போனபோது, காணி உறுதியில் எல்லை தெளிவில்லை என்றார்கள்.

அந்த உறுதியை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு எல்லைக்கும் நான்கு பெயர். நால்வரையும் எனக்குத் தெரியும். ஒருவர் வன்னிக் குடியேற்றத்துக்குப் போய் அங்கேயே செத்தார். ஒருத்தி பிள்ளைகளோடு லண்டனில். ஒருவரின் வீட்டில் கூரை விழுந்து பனை முளைத்திருக்கிறது. நாலாமவர் என் ஐயா. என் காணிக்கு எல்லையாக எழுதப்பட்ட மனிதர்களில் ஒருவர்கூட ஊரில் இல்லை. உறுதியில் தெளிவில்லை என்றார் அந்த அலுவலர். ஊரைக் காலியாக்கிவிட்டு எல்லையைக் காட்டு என்று என்னிடம் கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

2025 மார்ச்சில் ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், இல்லாவிட்டால் அரசுக் காணியாகும் என்று. நீதிமன்றம் இடைநிறுத்தியது, அரசும் பின்வாங்கியது, உண்மை. ஆனால் அந்த மூன்று மாதமும் இங்கே கிழவன் கிழவிகள் தகரப் பெட்டியைத் திறந்து, கறையான் அரித்த தாள்களை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். எங்களை ஒன்பது தரம் நாளைக்கு வா என்று திருப்பியனுப்ப ஒரு தவணையும் தேவையில்லை. எங்கள் நிலத்தை எடுக்க மட்டும் மூன்று மாதம் போதும்.

ஊரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வயதானவர்கள். 2023 ஏப்ரலில் ஒரே வீட்டில் முதியவர்கள் பலர் நகைக்காக வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கல்வேலிக்குப் படலை கட்டினால் போதும் என்று வாழ்ந்த ஊர் இது. அதன்பிறகு பூட்டு வாங்கினோம். பின்னேரம் ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிட்டு இருட்டுக்குள் இருக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. இத்தனை காலமும் மின்சாரம் டீசல் இயந்திரத்தால்தான் வந்தது. காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுத்துத் தருவதாக 2022இல் இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதினார்கள், 2024இல் வேலைக்கும் கையொப்பமிட்டார்கள். எங்களுக்குக் காற்றும் வெயிலும் கடவுள் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறார் என்பது அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

கோடையில் எங்கள் தீவின் காட்டுக்குதிரைகள் தண்ணீர் இல்லாமல் சாகும்போது படம் எடுக்க வருகிறார்கள். வரட்டும். அந்த வாயில்லாச் சீவன்களுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் நாங்கள்தான், எங்கள் கிணறு உவர்க்கிற காலத்திலும் ஊற்றுகிறோம். அந்தப் படத்தின் ஓரத்தில் இரண்டு குடத்தோடு நிற்கிற பெண்ணை மட்டும் வெட்டிவிடுகிறார்களே, அதுதான் வலிக்கிறது.

தம்பி ரொறன்ரோவிலிருந்து ஞாயிறு தவறாமல் கதைப்பான். "அக்கா, வித்திட்டு வெளிக்கிடு. அங்க என்ன இருக்கு?" என்பான். அன்பில்தான் சொல்கிறான். இங்கே ஐயாவின் வலை கொட்டிலில் தொங்குகிறது. பாத்தியில் விளைந்த பனங்கிழங்கைக் கிண்டி, கூழ் காய்ச்சி, பத்து வீட்டுக்குக் கொடுக்க நான் இருக்கிறேன். போகிறவர்கள் எல்லோரும் விருப்பத்தோடு போகவில்லை தம்பி, ஒவ்வொருவரும் ஓர் இரவில் படகு கிடைக்காமல் போனவர்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அழுவான், அதனால் சொல்வதில்லை.

மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். எங்கள் ஊர்ப் பெண்கள் பேறுகாலத்துக்குப் பல நாள் முன்னமே கடல் தாண்டிப் போய் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ காத்திருக்க வேண்டும். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பையில் அவளுடைய உடுப்பு, குழந்தைக்குப் பழஞ்சேலையில் கிழித்த துணி, கிளினிக் அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த உறுதி. ஒரே பயணத்தில் பத்தாம் முறையும் கேட்டுவிடலாம். அவள் வயிற்றில் தண்ணீர் அடிக்காமல் போர்த்த இரண்டு பொலித்தீன் தாள் எடுத்து வைத்திருக்கிறேன். அடித்தட்டுக்கு அவளால் இறங்க முடியாது, மேலே எங்காவது இடம் கேட்க வேண்டும்.

பின்னேரத்திலிருந்து சோழகம் எழும்பியிருக்கிறது. பனைகள் சத்தம் போடுகின்றன. மகள் உள்ளே இருந்து கேட்கிறாள், "அம்மா, நாளைக்குப் படகு ஓடுமோ?"

ஓடும் பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன்.