களை எது, பயிர் எது?



என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன், இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"சார், கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணினேன். விளையாட்டும் போச்சு, பள்ளிக்கூட வேலையும் போச்சு. அம்மா கம்ப்யூட்டரையே வித்துடப் போறாங்களாம்."

தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த காசில், ஈப்போவில் வாங்கிய பழைய கணினி அது. வயிறு எரியாதா?

"எதை வச்சுப்பா சுத்தம் பண்ணின?"

"ஒரே அமுக்குல எல்லாக் குப்பையையும் அள்ளிடும்னு ஒண்ணு போட்டிருந்துச்சு, சார்."

விஷயம் இதுதான். அவன் விளையாடுவது 2011இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டின் சிறப்புப் பதிப்பு. அந்த விளையாட்டில் புதிய வீடு, புதிய மனிதர் என்று யாரும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்ப்பவற்றுக்கு 'மோட்' என்று பெயர். செய்கிறவர் கைதவறி எதையாவது தொட்டுவிட்டால், மாற்றமே இல்லாத அந்தப் பதிவும் மோட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஒரு மோட் வீட்டுக்கு விளக்கேற்றி வைக்கும். அடுத்து வரும் மோட்டில் அதே வீட்டின் பழைய பதிவு ஒட்டியிருந்தால் விளக்கு அணைந்துபோகும். கடைசியில் வருவதன் பேச்சே செல்லும்! இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு மோட் ஒரு பொருளை அடியோடு அழித்திருக்கும்; வேறொரு மோட் அதைத் தேடும்; ஆட்டம் பாதியில் நின்றுவிடும். விளையாட்டை வெளியிட்ட நிறுவனமே தந்த கூடுதல் பகுதிகளிலும் இந்த அழுக்கு உண்டு.

சரி, எந்தக் கருவியை எடுப்பது?

'லூட்' என்பது மோட்களை வரிசைப்படுத்தும். எதில் அழுக்கு இருக்கிறது என்று சொல்லும். தானாக எதையும் வெட்டாது. 'எஸ்எஸ்இ எடிட்' என்பதுதான் வெட்டும் கத்தி. மாறாத பதிவுகளை நீக்கும். அழிக்கப்பட்ட பொருளை மீட்டு, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கும். இரண்டும் இலவசம். கணினி முழுவதையும் பெருக்கும் பொதுக் கருவிக்கோ மோட் என்றால் என்னவென்றே தெரியாது. அதைத்தான் நம் பையன் பிடித்தான்.

நம் முன்னோர் கதையை அவனுக்குச் சொன்னேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயா ரப்பர் தோட்டங்களில் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று மண் தெரியச் சுரண்ட வைத்தார்கள். பார்வைக்குச் சுத்தம்தான். மழை வந்தது; சரிவுகளில் மேல்மண் ஆற்றோடு போனது. பிறகுதான் புத்தி வந்து, பயற்றினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டு, லாலான் போன்ற கெட்ட களையை மட்டும் ஒழித்தார்கள்.

மோட்டிலும் அதே கணக்குத்தான். செய்தவர் வேண்டுமென்றே வைத்த பழைய பதிவுகளும் சிலவற்றில் உண்டு. 'சுத்தம் செய்யாதே' என்று குறிப்பிருந்தால் கைவைக்கக் கூடாது.

ஆகவே பிள்ளைகளே, முதலில் நகல் எடுத்து வையுங்கள். லூட் காட்டுவதை மட்டும், ஒரு நேரத்தில் ஒன்றாக, எஸ்எஸ்இ எடிட்டில் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு விளையாடிப் பாருங்கள். பள்ளிப் பாடங்களை விளையாட்டோடு சேர்த்து வைக்காமல், ஒரு பென்டிரைவில் தனியே போட்டு வையுங்கள்.

அந்தத் தாயாரைப் போய்ப் பார்த்தேன். "பையன் செய்தது சோம்பேறித்தனமில்லை, அம்மா. அவசரம். அது திருந்தும்" என்றேன். கணினியை விற்கவில்லை. பள்ளி வேலையை இப்போது மாலைதோறும் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறான். எழுதி முடித்ததும் அவன் செய்யும் முதல் காரியம் என்ன தெரியுமா? நகல் எடுப்பது!

அடுத்த இதழில் சந்திப்போம்.